நல்ல இயர்போன் வாங்க: கடலூர், புதுச்சேரி நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு புதுச்சேரியில் வேலை பார்ப்பவன் நான். போகும்போதும் வரும்போதும் காதில் இயர்போன் இருக்கும். அதனால் அலுவலக நண்பர்கள், உறவினர் வீட்டுப் பிள்ளைகள், பஸ்ஸில் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். அன்றாடம் பாட்டும் செய்தியும் கேட்பவர்களுக்கும் போனில் பேசுபவர்களுக்கும் உரியது இது. ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்பவர்களின் தேவை வேறு. அதற்குள் நான் போகவில்லை.

நல்ல இயர்போன் என்று எதை வைத்துச் சொல்வது?

குறைந்த சத்தத்தில் வைத்தாலும் பாட்டு நிறைவாகக் கேட்க வேண்டும். என் அளவுகோல் இது ஒன்றுதான்.

சத்தத்தைக் கூட்டினால் எந்த இயர்போனும் கொஞ்ச நேரத்துக்கு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். காரணம் நம் காதிலேயே இருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள்: சத்தம் குறையக் குறைய, பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதி ஒலிகள் மற்ற ஒலிகளைவிட வேகமாக நம் காதுக்கு எட்டாமல் போகின்றன. ஆகவே சத்தத்தைக் கூட்டியதும் மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் திடீரென்று உயிர்பெறுகின்றன. அதை இயர்போனின் தரம் என்று எண்ணிக்கொள்கிறோம். கடையில் முழுச் சத்தத்தில் வைத்துக் காட்டினால், பாதிக்கும் கீழே குறைத்துக் கேளுங்கள். அப்போதும் பாடகரின் சொல் தெளிவாகவும், தாளம் தனியாகவும், வயலின் காதைக் கீறாமலும் கேட்டால் அது நல்ல இயர்போன்.

விலை கூடினால் தரமும் கூடுமா?

2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஜெரோன் ப்ரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களை அளந்து எழுதினார். ஒலியின் சமநிலைக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு தென்படவில்லை என்பதே அவர் கண்டது. விலை ஏற ஏற உறுதியான உடல், நல்ல வயர், இரைச்சல் நீக்கம், மைக், வாரண்டி சேவை ஆகியவை கிடைக்கின்றன. இவையும் தேவைதான். ஆனால் ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டதாலேயே பாட்டு ஐந்து மடங்கு நன்றாகக் கேட்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

‘13 மில்லிமீட்டர் டிரைவர்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். டிரைவர் என்பது உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம். அது எவ்வளவு பெரியது என்பதைவிட எப்படிச் சீரமைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். 6 மில்லிமீட்டரில் அருமையான இயர்போன்களும் உண்டு. 14 மில்லிமீட்டரில் வெறும் உறுமலும் உண்டு.

‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பது மனிதக் காது கேட்கும் எல்லை. ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இதே வரி இருக்கும். அந்த எல்லைக்குள் எந்த ஒலி தூக்கலாக இருக்கிறது, எது அமுங்கிப்போகிறது என்பதை அந்த வரி சொல்வதில்லை. அதனால் தேர்ந்தெடுக்க அது உதவாது.

பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ‘இஎன்சி’ என்று போட்டிருந்தால் அது மைக்குக்கானது. நீங்கள் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்காமல் குறைக்கும். உங்கள் காதுக்குள் வரும் இரைச்சலை அடக்கும் வசதி ‘ஏஎன்சி’ என்று போட்டிருப்பதுதான். இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. பஸ் இரைச்சல் கேட்கக்கூடாது என்று ‘இஎன்சி’ இயர்போன் வாங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘மொத்தம் 50 மணி நேரம் ஓடும்’ என்பது சார்ஜிங் டப்பாவையும் சேர்த்த கணக்கு. ஒரு தடவை காதில் போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தனியாகக் கேளுங்கள்.

ரப்பர் முனைகள் மூன்று ஜோடி தருகிறார்கள். எதைப் போடுவது?

இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ ஒலித்தரத்தில் பாதி இந்த ரப்பரில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

காதுத் துளையை ரப்பர் முழுதாக அடைத்தால்தான் தாழ்ந்த ஒலி செவிப்பறையைச் சேரும். நூல் அளவு இடைவெளி இருந்தாலும் பேஸ் வெளியேறிவிடும். பாட்டு தகரத்தில் தட்டுவதுபோல ஆகிவிடும். உடனே நாம் சத்தத்தைக் கூட்டுவோம். பேஸ் திரும்புவதற்குள் மேல் ஒலிகள் காதைக் குத்த ஆரம்பித்துவிடும். ‘இந்த இயர்போன் சரியில்லை’ என்று மூலையில் போடப்பட்ட பலவற்றில் குறை அளவு பொருந்தாத ரப்பர்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பேஸ் நன்றாக வரும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால், நீங்கள் போட்டிருக்கும் ரப்பர் சிறியது. அழுத்தினாலும் மாற்றம் இல்லையென்றால் அளவு சரி. பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், தலையைத் திருப்புங்கள், நழுவக்கூடாது. காதை மேல்நோக்கி மற்றொரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகினால் துளை நேராகும், ரப்பரும் நன்றாக உட்காரும். இடது காதும் வலது காதும் பலருக்கு ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு பக்கம் நடு அளவு, மறு பக்கம் பெரிய அளவு என்று போட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

சிலிகான் ரப்பர் நழுவுகிறது என்பவர்கள் நுரை முனைகளை வாங்கிப் பார்க்கலாம். விரலால் கசக்கிச் செருகினால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். வெளி இரைச்சலையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் நம் ஊர் வியர்வையில் சீக்கிரம் நைந்துபோகும்.

கடையில் எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது?

நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டை. கடைக்காரர் போடும் பாட்டு அந்த இயர்போனுக்கு நன்றாக அமையும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்ததாக இருக்கலாம். உங்கள் போனிலேயே, உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கேளுங்கள்.

நான் நம்புவது மூன்று ஒலிகளை. முதலாவது நாகசுரம். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. நாகசுரத்தின் வீரியம் பெரிதும் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பகுதியைத் தூக்கலாக வைத்த இயர்போனில் மேல் ஷட்ஜத்தில் நின்று நாதசுரக்காரர் கார்வை கொடுக்கும்போது காது கூசும். அமுக்கி வைத்ததில் வாத்தியம் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல மங்கிக் கேட்கும்.

இரண்டாவது தவில். இடப்பக்கத்தில் கழியின் கனமான அடியும், வலப்பக்கத்தில் கூடு போட்ட விரல்களின் விரைவான சொற்களும் ஒரே நேரத்தில் வரும். தனி ஆவர்த்தனத்தில் வேகம் ஏறும்போது ஒவ்வொரு சொல்லும் தனியாக விழுகிறதா, இல்லை எல்லாம் கலந்து ஒரே கடகடப்பாக ஆகிவிடுகிறதா என்று கவனியுங்கள். பேஸ் தேவைக்கு அதிகமான இயர்போன்கள் இங்கே தோற்றுவிடும்.

மூன்றாவது தம்பூரா. பாட்டுக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டே இருக்கிறதா, அதன் ஜீவா (தந்திக்கு அடியில் செருகும் நூல்) தரும் ரீங்காரம் காதில் தேன் மாதிரி இறங்குகிறதா என்று பாருங்கள். குறைந்த சத்தத்தில் தம்பூரா காணாமல் போய்விட்டால் அந்த இயர்போனில் நுட்பம் போதாது.

கர்நாடக இசை கேட்காதவர்கள் ஒரு பெண் குரல், ஒரு ஆண் குரல், கூட்டமாக வாத்தியங்கள் முழங்கும் ஒரு பாட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் வரும் இடங்களில் சீறல் கேட்டால் தவிர்த்துவிடுங்கள்.

நேரு வீதி, மிஷன் வீதிக் கடைகளில் விலை குறைந்த இயர்போன்களைப் பிரித்துக் காட்டமாட்டார்கள். அதைக் கேட்டு வற்புறுத்தவும் முடியாது. அப்படியானால் நண்பர் வைத்திருப்பதைக் கேட்டுப் பார்த்து, அதே மாடலை வாங்குங்கள். அடுத்தவர் இயர்போனை வாங்கிக் கேட்பதாக இருந்தால் உங்கள் ரப்பரை மாட்டிக்கொண்டு கேளுங்கள். அடுத்தவர் ரப்பரைப் போட்டால் காது நோய் தொற்றலாம்.

வயர் உள்ளதா, வயர் இல்லாததா?

ஒலி மட்டுமே வேண்டும், பணமும் குறைவு என்றால் வயர்தான். வயர் இல்லாததில் நீங்கள் கொடுக்கும் பணம் பாட்டரி, புளூடூத் சிப், சார்ஜிங் டப்பா, மைக்குகள் என்று பங்கு பிரிந்துவிடுகிறது. வயர் உள்ளதில் ஏறக்குறைய முழுப் பணமும் டிரைவருக்கும் உடலுக்கும் போகிறது. 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் மூன்டிராப், கேஇசட் போன்ற சீன நிறுவனங்கள் தரும் வயர் இயர்போன்களின் ஒலியை அதே விலையில் வயர் இல்லாதவற்றில் நான் கேட்டதில்லை. இவற்றில் பலவற்றில் வயரைக் கழற்றி மாற்றவும் முடியும். நம் கையில் முதலில் போவது வயர்தான் என்பதால் இது பெரிய வசதி.

ஆனால் கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு வயர் தொல்லைதான். பக்கத்தில் இருப்பவரின் பையில் மாட்டி இழுபடும். பேசிக்கொண்டே வேலை செய்கிறவர்களுக்கும் சமையலறையில் நிற்பவர்களுக்கும் வயர் இல்லாததே உகந்தது. இரண்டுக்கும் நடுவில் நெக்பேண்ட் இருக்கிறது. கழுத்தில் கிடக்கும், தொலையாது, பாட்டரியும் பெரியது. இளைஞர்கள் இப்போது விரும்புவதில்லை என்றாலும், வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கித் தர நான் நெக்பேண்டையே சொல்கிறேன். குண்டுமணி அளவு இயர்பட்ஸைத் தேடி அவர்கள் கட்டிலுக்கு அடியில் குனிய வேண்டியதில்லை.

புதிய போனில் இயர்போன் துளையே இல்லையே?

2016இல் ஐபோன் 7 அதை எடுத்துவிட்டது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. சார்ஜர் துளையில் செருகும் சிறிய மாற்றி கிடைக்கிறது. நல்ல மாற்றிக்குள், போன் தரும் டிஜிட்டல் தகவலை ஒலியாக மாற்றும் ‘டிஏசி’ என்ற சிப் ஒன்று இருக்கும். வெறும் இணைப்பாக மட்டும் இருக்கும் மலிவான மாற்றிகள் பல போன்களில் வேலையே செய்யாது. அதனால் ‘டிஏசி உள்ளதா’ என்று கேட்டு வாங்குங்கள். ஆப்பிள் மாற்றி நல்லதுதான், ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் மிகக் குறைவாக வருகிறது. உங்கள் போனிலேயே செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெட்டியில் மின்தடை 16 அல்லது 32 ஓம் என்று போட்டிருக்கும் இயர்போன்களுக்கு இந்த மாற்றியே போதும். தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டியதில்லை.

எல்டிஏசி, ஏஏசி, எஸ்பிசி என்கிறார்களே, எது நல்லது?

புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகள் இவை. எஸ்பிசி எல்லாவற்றிலும் இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஏஏசி இருந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். எல்டிஏசிக்கு அதிகப் பணம் கொடுத்தால் ஐபோனில் அது பயன்படாது. ஆண்ட்ராய்டில் சோனியின் எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்டால் சிலருக்கு வேறுபாடு தெரியலாம். ஓடும் பஸ்ஸில் தெரியாது. அதற்குப் பதிலாகப் பாட்டுச் செயலியின் அமைப்புகளுக்குப் போய் ஒலித்தரத்தை உயர்த்திவையுங்கள். டேட்டாவைச் சேமிக்கும் முறையில் வைத்துவிட்டு எல்டிஏசி இயர்போன் வாங்குவதில் பயன் இல்லை.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினமும் போகிறேன். இரைச்சல் நீக்கும் இயர்போன் உதவுமா?

உதவும். ஆனால் எது நீங்கும், எது நீங்காது என்று தெரிந்து வாங்க வேண்டும். ஏஎன்சி வெளியிலிருந்து வரும் ஒலியை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பி அடக்குகிறது. என்ஜின் உறுமல், டயர் ஓசை, ஏசி இரைச்சல் போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளில் இது நன்றாக வேலை செய்யும். ஏர்ஹாரன், நடத்துநரின் விசில், பேச்சுக்குரல் ஆகியவை திடீரென்றும் உயர்ந்த சுருதியிலும் வருவதால் பெரும்பாலும் தப்பித்து உள்ளே வந்துவிடும்.

நம் தடத்தில் தனியார் பஸ்களில் தலைக்கு மேலே ஸ்பீக்கர் வைத்துச் சினிமாப் பாட்டு போடுவார்கள். அரியாங்குப்பம் தாண்டி, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஒவ்வொரு நிறுத்தமாகக் கூட்டம் ஏற ஏற சத்தமும் ஏறும். அந்தப் பாட்டை நம் பாட்டால் வெல்லப் பார்ப்பதுதான் காதுக்குப் பெரிய கேடு. இதற்கு மருந்து நன்றாக அடைக்கும் ரப்பர். உயர்ந்த ஒலிகளை அது ஏஎன்சியைவிட நன்றாகத் தடுக்கும். ரப்பர் சரியாக உட்கார்ந்த ஏஎன்சி இயர்போன் இருந்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும். ஏஎன்சிக்குப் பணம் இல்லையென்றால் நுரை முனை போட்ட வயர் இயர்போன் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்காராமல் இரண்டு இருக்கை தள்ளி உட்காருங்கள். அதுவும் கணிசமாக உதவும்.

எவ்வளவு சத்தம் வைத்தால் காதுக்குக் கெடுதல் இல்லை?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபலை எட்டும்போது வாரத்துக்கு நான்கு மணி நேரந்தான் மிஞ்சுகிறது. நாள்தோறும் பஸ்ஸில் போய்வருகிறவர் நான்கு மணி நேரத்தைப் புதன்கிழமைக்குள் தாண்டிவிடுவார்.

ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இயர்போன் சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. இன்றைக்கே அதை அமைத்துவிடுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி அமைதியான தெருவுக்கு வந்ததும், கேட்டுக்கொண்டிருந்த அதே அளவு உங்களுக்கே அதிகமாகத் தோன்றினால், பஸ்ஸில் அளவுக்கு மீறி வைத்திருந்தீர்கள் என்று அர்த்தம். கேட்டு முடித்தபின் காதில் ‘ங்ங்’ என்று இரைந்தாலோ, பேச்சு பஞ்சு அடைத்ததுபோலக் கேட்டாலோ, அது எச்சரிக்கை. ஒன்றிரண்டு நாளில் போகவில்லையென்றால் ஜிப்மர் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மனித உடலில் மறுபடி முளைப்பதில்லை. நான் இதை எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

வண்டி ஓட்டும்போது ஒரு காதில் மட்டும் போடலாமா?

கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சரி, கடலூர் சாலையிலும் சரி, பின்னால் வரும் வண்டியை முதலில் காட்டிக்கொடுப்பது காதுதான். சாலையோரம் நடப்பவர்களும், ரயில்வே கேட்டைக் கடப்பவர்களும் இரண்டு காதையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக் காற்றும் வியர்வையும் இயர்போனைக் கெடுக்குமா?

கெடுக்கும். தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் காலையில் நடக்கும்போது பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. உப்புநீருக்கும் வியர்வைக்கும் அவை உத்தரவாதம் அல்ல. சார்ஜிங் டப்பாவுக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பே இருக்காது.

வயர் இல்லாத இயர்பட்ஸில் ‘ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை’ என்பதுதான் நம் பக்கத்தில் நான் அதிகம் கேட்கும் புகார். எடுத்துப் பார்த்தால் அடியில் இருக்கும் தங்கநிறப் புள்ளிகள் கறுத்தோ, பச்சை பூத்தோ கிடக்கும். வியர்வையோடு டப்பாவுக்குள் போட்டு மூடுவதால் வருவது. உலர்ந்த துணியால் துடைத்து, சில நிமிடம் காற்றில் வைத்துவிட்டு மூடும் பழக்கம் வந்தால் ஆயுள் கூடும். வயர் இயர்போனில் போனுக்குள் செருகும் முனை மங்கிவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

அவசரப்படாதீர்கள். ரப்பரைக் கழற்றிவிட்டு, ஒலி வரும் குழாயின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே மெல்லிய வலை இருக்கும். காதுக் குரும்பி படிந்து அது மஞ்சளாக மூடிக்கொண்டிருந்தால் சத்தம் குறையும், மேல் ஒலிகள் முதலில் மறையும். இயர்போனின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். கீழ்நோக்கிப் பிடித்தால்தான் அழுக்கு உள்ளே விழாமல் வெளியே உதிரும். ஊசியால் குத்தினால் வலை கிழியும், வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும், இரண்டும் வேண்டாம். ரப்பரைத் தனியாகச் சோப்புநீரில் கழுவி, முழுதாக உலர்ந்தபின் மாட்டுங்கள். இதைச் செய்தும் சரியாகவில்லை என்றால் இடது, வலது இரண்டையும் காது மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை இயர்போனோடு நகராமல் அதே காதில் நின்றால், பார்க்க வேண்டியது காதை.

இயர்பட்ஸ் எத்தனை வருடம் உழைக்கும்?

தினமும் பயன்படுத்தினால் இரண்டு, மூன்று ஆண்டுகளில் பாட்டரி தளர்ந்துவிடும். அதை மாற்றித் தரும்படி பெரும்பாலானவை அமைக்கப்படவில்லை. பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். வயர் ஹெட்போன் அப்படி அல்ல: 1984இல் வந்த காஸ் போர்ட்டா புரோ இன்றும் அதே தோற்றத்தில் விற்பனையாகிறது. வெளி இரைச்சலைத் தடுக்காததால் பஸ்ஸுக்கு உதவாது. வீட்டில் இரவு கேட்க நல்ல துணை.

ஆன்லைன் வகுப்பில் புளூடூத் போட்டால் ஒலி மட்டமாகிவிடுகிறதே?

பழுது இல்லை. மைக் இயங்கத் தொடங்கியதும் புளூடூத் பெரும்பாலும் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும். இசைக்கான தரம் குறைந்துவிடும். வகுப்புக்கும் நேர்காணலுக்கும் மைக் உள்ள வயர் இயர்போனே நல்லது. மைக் வாய்க்கு அருகில் இருப்பதால் நீங்கள் பேசுவதும் தெளிவாகப் போகும்.

பாட்டு, மிருதங்கம் கற்கும் பிள்ளைகளுக்கு எது வாங்கித் தரலாம்?

வயர் உள்ளதை. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். பாட்டு கேட்கும்போது அது தெரியாது. எலக்ட்ரானிக் கீபோர்டில் வாசிக்கும்போதோ, தாளம் போட்டுக்கொண்டு தன் வாசிப்பைப் பதிவுசெய்யும்போதோ பிள்ளை தடுமாறிப்போகும். சுருதிப் பெட்டிச் செயலியைக் கேட்டுப் பாடுவதற்கு மட்டும் என்றால் புளூடூத்தும் சரிதான். சாதகம் செய்யும்போது ஒரு காதைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுச் சந்தையில் பெரிய நிறுவனத்தின் பெயரோடு மலிவாகக் கிடைக்கிறதே?

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறு தோறும் கூடும் சந்தையில் எனக்கும் பிடித்த பொருள்கள் பல உண்டு. இயர்போன் மட்டும் அங்கே வாங்காதீர்கள். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று சொல்லி விற்பது போலிதான். மட்டமான பாட்டரியைக் காதுக்குள் வைத்துக்கொள்வது நல்லதல்ல. புளூடூத் இயர்போன் பெட்டியில் பிஐஎஸ் குறியும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டிவிடும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டி தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம். சர்வீஸ் சென்டர் புதுச்சேரியிலேயே இருக்கிறதா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

புதிய இயர்போனை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பழக்க வேண்டுமா?

வேண்டாம். நாளாக ஆகப் பழகுவது நம் காது. முதல் நாளே குத்துகிற ஒலி, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகும் குத்தும்.

வாங்கிவிட்டேன். பேஸ் அதிகமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

போனிலோ பாட்டுச் செயலியிலோ ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள கோடுகளை மூன்று, நான்கு டெசிபல் இறக்குங்கள். குரல் முன்னால் வந்துவிடும். வேண்டியதைக் கூட்டுவதைவிட வேண்டாததைக் குறைப்பதுதான் எப்போதும் நல்லது. கூட்டினால் ஒலி பிசிறடிக்கும்.

வீட்டில் பெரியவர்கள் கேட்க எது ஏற்றது?

செயலி, புளூடூத் என்று அலைக்கழிக்காமல் பொத்தானைத் திருப்பினால் பாடுகிற பெட்டி. 2017இல் வந்த சரிகம கார்வான் இந்தத் தேவையைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்யப்பட்டது. பழைய பாட்டுகள் உள்ளேயே இருக்கும். பெரியவர் தொலைக்காட்சிச் சத்தத்தை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் இயர்போன் வாங்கித் தருவதற்கு முன் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். காது கேட்கும் கருவி செய்யும் வேலையை இயர்போன் செய்யாது.

புயல் காலத்துக்கு ஏதாவது யோசனை?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை நாம் மறக்கவில்லை. மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இணையம் இல்லாமலே செய்தி தருவது வானொலி. எஃப்எம் வசதி உள்ள போன்களில் வயர் இயர்போன்தான் ஆன்டெனா. புளூடூத் அந்த வேலையைச் செய்யாது. 2023இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் எஃப்எம் வசதியை முடக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியதும் இதுபோன்ற பேரிடர்களை மனத்தில் வைத்துத்தான். எவ்வளவு விலை உயர்ந்த இயர்பட்ஸ் வைத்திருந்தாலும், இருநூறு ரூபாய் வயர் இயர்போன் ஒன்றை டார்ச், பவர் பேங்க்கோடு சேர்த்து வையுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே அதைச் செருகி, புதுச்சேரி ரெயின்போ எஃப்எம் 102.8இல் தெளிவாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் போனில் எஃப்எம் இல்லையென்றால் பென்டார்ச் செல்லில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்று போதும்.